கோலார் தங்கவயலில் ஜியோகேச்சிங்: திட்டம் போடுவதிலிருந்து பெட்டி வைப்பது வரை

கோலார் தங்கவயல் ஒரு பேய் ஊர் என்று எங்கோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் ராபர்ட்சன்பேட்டையிலேயே காத்திருக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. எம்.ஜி. மார்க்கெட்டில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. விடியற்காலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனால் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும் கூட்டத்தைப் பார்க்கலாம். கைவிடப்பட்டது சுரங்கம் மட்டும்தான். 2001 பிப்ரவரி 28 அன்று, அதை நடத்திவந்த அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் கதவைச் சாத்தியது. ஆனால் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இன்றைக்கும் அடுப்பு எரிகிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. ஜியோகேச்சிங் என்பது போன் காட்டும் இடத்தில் யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடும் விளையாட்டு; அந்த டப்பாதான் கேச். ஆளில்லாத இடம் என்ற நினைப்போடு கேச் தேட வருகிறவர் வேலி தாண்டுவார், பாழடைந்த பங்களாவின் சுவரைக் கிளறுவார், யாராவது கேட்டால் நழுவுவார். ஆள் இருக்கிற ஊர் என்று தெரிந்து வருகிறவர் வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தேடுவார். இந்த ஊரில் விளையாட்டு தரைக்கு மேலே, தெருவோடும் மனிதர்களோடும் நடக்க வேண்டியது. கீழே சொல்லியிருக்கும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு

யாரோ ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டை வைத்து எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஜியோகேச்சிங் இணையதளத்தில் போடுவார். நீங்கள் போனை வைத்துக்கொண்டு போய்த் தேடி, நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, தளத்தில் பதிவு போட வேண்டும். அவ்வளவுதான். உள்ளே பொம்மை, நாணயம் மாதிரி ஏதாவது இருந்து அதை எடுத்துக்கொண்டால், அதே மதிப்பிலோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும்.

2000 மே 2-ஆம் தேதி அமெரிக்க அரசு, ஜி.பி.எஸ். சிக்னலில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து இடக்குறிப்பை வெளியிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் ஜியோகேச்சிங் தளத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கேச்கள் இருக்கின்றன. இந்தியாவில் எண்ணிக்கை குறைவு. அதனால்தான் நம் பக்கத்தில் தேடுவதோடு நிற்காமல், வைக்கவும் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

வகைகளில் இந்த ஊருக்குப் பொருந்துபவை மூன்று. நேராக ஒரே இடத்தில் இருக்கும் சாதாரண கேச். ஒரு இடத்தில் கிடைக்கும் துப்பு அடுத்த இடத்துக்கு அனுப்பும் மல்ட்டி. டப்பாவே இல்லாமல், பாறையைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்பும் எர்த்கேச். இதில் மல்ட்டிதான் தங்கவயலுக்கென்றே பிறந்தது என்பது என் கட்சி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன்: வீட்டுப்பாடம்

இலவசக் கணக்கு போதும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் சி:ஜியோ செயலியைப் போட்டுக்கொள்ளலாம். ஐபோன்காரர்களுக்கு அதிகாரபூர்வச் செயலி இருக்கிறது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் உடனே கிளம்பிவிடக் கூடாது. மூன்று விஷயம் பாருங்கள். கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார்கள்? அடுத்தடுத்து 'கிடைக்கவில்லை' என்ற பதிவுகளே இருந்தால் டப்பா காணாமல் போய்விட்டது என்று அர்த்தம். கடினமும் நிலமும் என்ன? இரண்டுக்கும் 1 முதல் 5 வரை அரை அரையாக மதிப்பெண் இருக்கும். கடினம் என்பது மூளைக்கு, நிலம் என்பது காலுக்கு. நிலம் 4-க்கு மேல் என்றால் இந்த ஊரில் அது எதன் மேல் ஏறச் சொல்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். மூன்றாவது, செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது? சாம்பல் நிறக் கழிவு மேடு, சுரங்கக் குழிக்கு மேலே நிற்கும் ஷாஃப்ட் கோபுரம், சுற்றுச்சுவர் இவற்றுக்குள் விழுந்தால் யார் வைத்த கேச்சாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கொஞ்சம் வரலாறும் படித்துக்கொண்டு போனால் மல்ட்டி கேச் துப்புகள் சுலபமாகும். 1802-ல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, இங்கே கிராமத்தார் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்த பிறகுதான் ஊர் ஊரானது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டில் பெரும்பாலான நகரங்கள் சிம்னி விளக்கில் இருந்த காலம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு ஆழத்தில் வேறு கதிர்வீச்சுத் தொந்தரவு குறைவு என்பதால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் 1965-ல் அங்கே வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைக் கண்டார்கள். 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது.

இவ்வளவு ஆழத்திலும் இறங்கி வெட்டியவர்கள் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து போன நம் ஆட்கள். அதிலும் தலித் மக்களே அதிகம். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து ஒட்டுமொத்தத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆங்கிலேயர் கிளப்பும் பங்களாவும் பற்றித்தான் சுற்றுலாக் குறிப்புகள் பக்கம் பக்கமாகப் பேசும். கேச் வைக்கிறவர்களாவது இந்தப் பக்கத்தை எழுதினால் தேவலை.

போகிற வழி

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பங்காரப்பேட்டையில் பிரிந்து மாரிகுப்பத்தில் முடியும் கிளைப்பாதை ரயில்தான் இதற்கு ஏற்ற வண்டி. காலையில் பெங்களூர் போகும் வண்டி நிரம்பி வழியும்; நீங்கள் எதிர்த்திசையில் வருவதால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கமிருந்து பைக்கில் வருகிறவர்கள் ஆந்திராவின் வி.கோட்டா வழியாகப் பேத்தமங்கலம் வந்து ஏறலாம். பேத்தமங்கலம் ஏரியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கி ஒரு காலத்தில் தங்கவயலுக்கே குடிநீர் அனுப்பிய ஏரி அது.

குப்பம், பிசாநத்தம், காமசமுத்திரம் வழியும் உண்டு. பிசாநத்தத்திலும் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கம் இருந்தது. ஆனால் அந்தப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு. கவுண்டின்யா சரணாலயத்து யானைகளுக்கு மாநில எல்லையெல்லாம் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகு அந்தப் பக்கம் பைக்கில் வேண்டாம். 'எல்லையோரக் காட்டில் ஒரு கேச் இருக்கிறது, இருட்டுவதற்குள் ஒரு எட்டு பார்த்துவிடலாம்' என்று தோன்றினாலும் வேண்டாம்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கோடையில் காலை பத்து மணிக்கே தகிக்கும். பலத்த காற்றடிக்கும் நாட்களில் சுரங்கக் கழிவு மேட்டின் தூசி ஊருக்குள் வரும்.

எங்கே கால் வைக்கக் கூடாது

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் ஷாஃப்ட். தூரத்திலிருந்து பார்த்தால் இரும்புக் கோபுரமும் மேலே சக்கரமும் தெரியும். படத்துக்கு ரொம்ப அழகு. அதன் அடியில் செங்குத்தான குழி. மூடி போட்டிருப்பார்கள், மூடி துருப்பிடித்திருக்கும். கோபுரமே இல்லாத பழைய குழிகள் இன்னும் மோசம்: புதர் மண்டி, கல் சரிந்து, வெறும் பள்ளம் மாதிரி கிடக்கும். 120 ஆண்டு வெட்டிய ஊரில் தரைக்கடியில் எங்கே வெற்றிடம் என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. பாறை வெடிப்பால், அதாவது உள்ளே அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று நொறுங்குவதால், சுரங்கம் ஓடிய நாட்களிலேயே மேலே வீடுகள் அதிர்ந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். மூடிய பிறகு உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. காற்றோட்டம் நின்ற சுரங்கத்தில் பிராணவாயு போதாமல் போகலாம். நாலு அடி உள்ளே போனவர் மயங்கி விழ எந்த நாற்றமும் முன்னெச்சரிக்கை தராது. பழைய இரும்புக்காக இறங்கி உயிரை விட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. ஆக, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுங்கள். 'சும்மா எட்டிப் பார்க்கிறேன்' என்பதும் கூடாது.

இரண்டாவது சயனைடு மேடு. தங்கக்கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு. கோடிக்கணக்கான டன் கொட்டிக் கிடக்கிறது, ஊரைச் சுற்றி குன்று குன்றாக. வெளிறிய நிறம், மழை அறுத்த பள்ளங்கள், செடி கொடி முளைக்காத சரிவு என்று பார்க்க வேறு கிரகம் போல இருப்பதால் ஆட்கள் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சயனைடில் பெரும்பகுதி வெயிலில் சிதைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அரைத்த கல்லில் இருந்த ஆர்சனிக்கும் கன உலோகங்களும் சிதையாது. அந்த மாவே நுண்ணிய சிலிக்கா. சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றது இதே வகைத் தூசிதான். மழைக்குப் பின் ஓரங்கள் பொலபொலவென்று சரியும். மேட்டின் மேலோ அடிவாரத்திலோ கேச் வைக்கவும் கூடாது, தேடவும் கூடாது. அருகில் உள்ள தெருவில் நடக்கவே காற்று நாளில் என்-95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு வந்தால் வீடு திரும்பியதும் செருப்பை வெளியே விடுங்கள்.

மூன்றாவது அரசு நிலம். சுரங்க நிறுவனம் மூடியிருக்கிறதே தவிர அதன் நிலம் மத்திய அரசுடையது, காவலும் உண்டு. பி.இ.எம்.எல். தொழிற்சாலை பாதுகாப்புத் துறைக்குச் சாமான் செய்கிற இடம். அதன் சுற்றுச்சுவர் பக்கம் போனை நீட்டிக்கொண்டு ஒரு புதரைச் சுற்றிச் சுற்றி வந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பாதையிலும் அப்படித்தான். தண்டவாளத்தில் நடப்பது குற்றம். கேச்சைத் தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும்.

இன்னொன்று. சாதாரண ஜி.பி.எஸ். கருவி பிரச்சினை இல்லை. ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை இந்தியாவில் அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் அப்படி ஒன்றை மலையேற்றத்துக்கு வாங்கி வைத்திருப்பார். முன்கூட்டியே சொல்லி வீட்டில் வைத்துவிட்டு வரச் செய்யுங்கள்.

தேடும் நாள்

மாரிகுப்பத்தில் இறங்கி வடக்கு நோக்கி வருவது வசதி. சுரங்கங்களும் அதே வரிசையில்தான்: தெற்கே மைசூர் மைன், அப்புறம் சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க். தங்கம் ஓடிய பாறையே வடக்கு தெற்காகத்தான் கிடக்கிறது, அதன்மேல் ஊரும் அப்படியே நீண்டுவிட்டது. வழி நெடுக லைன் வீடுகள், கோயில்கள், மாதா கோயில்கள், பள்ளிகள். சாப்பாட்டு நேரத்துக்கு ராபர்ட்சன்பேட்டை வந்துவிடலாம்.

மூடிய காலணி, முழுக்கை சட்டை, தண்ணீர், நீளமான ஒரு குச்சி, பென்சில், கைவிளக்கு, பவர் பேங்க். தோண்டும் சாமான் எதுவும் பையில் இருக்கக் கூடாது. மெட்டல் டிடெக்டரைக் கனவிலும் நினைக்காதீர்கள். தங்கவயலில் ஒருவர் தரையைப் பார்த்து நடந்தாலே கேள்வி வரும்.

இடக்குறிப்பு இப்படி இருக்கும்: வடக்கு 12° 57.276', கிழக்கு 078° 16.343'. பாகை, நிமிடம், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைசி இலக்கத்தில் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். போனின் ஜி.பி.எஸ். திறந்தவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை முன்னே பின்னே காட்டும். தகரக் கூரை, இரும்பு, உயரமான சுவர் பக்கத்தில் இன்னும் மோசமாகும், சிக்னல் அவற்றில் பட்டுத் தெறித்து வருவதால். அதனால் அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு ஒரே இடத்தைச் சுற்றாதீர்கள். பத்து மீட்டர் நெருங்கியதும் நின்று, போனை அசைக்காமல் ஒரு நிமிடம் வைத்திருங்கள். அப்புறம் சற்றுத் தள்ளிப் போய் வேறு திசையிலிருந்து வாருங்கள். இரண்டு தடவையும் எங்கே காட்டுகிறதோ அதன் நடுப்பகுதியில் நின்று, போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

கண் எதைத் தேட வேண்டும்? தானாக விழுந்த கற்கள் தாறுமாறாகக் கிடக்கும். யாரோ கையால் வைத்தவை ஒன்றன்மேல் ஒன்று ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். கல்லின் மேற்புறம் வெயிலில் வெளுத்திருக்க, ஒன்று மட்டும் மண்கறையோடு தெரிந்தால் அதை யாரோ புரட்டியிருக்கிறார்கள். வேலிக் கம்பத்தின் மூடி, சுவரில் ஒரு செங்கல் மட்டும் சாந்து இல்லாமல், கம்பியில் தேவையில்லாத ஒரு முடிச்சு. ஆனால் கையை விடும் முன் குச்சியை விடுங்கள். கல் இடுக்கில் தேளும் கண்ணாடி விரியனும் நமக்கு முன்பே குடியேறியிருக்கும். பழைய கட்டடச் சுவரில் கல்லைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் அது கேச்சே இல்லை, விட்டுவிடுங்கள்.

யாராவது கேட்டால்

கேட்பார்கள், நிச்சயம். மேல்நாட்டு வழிகாட்டிகளில் வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் படாமல் எடு, செருப்புக் கயிறு கட்டுவது போல் நடி என்றெல்லாம் இருக்கும். இங்கே அது எடுபடாது. லைன் வீட்டுச் சந்தில் அந்நியர் ஒருவர் நின்றால் இரண்டாவது நிமிடம் ஒரு அக்கா வாசலில் வந்து நிற்பார்.

"என்னாண்ணா, எதுனா தொலைச்சிட்டீங்களா?"

"இல்லக்கா, இது ஒரு விளையாட்டு. போன்ல இடம் காட்டும், அந்த இடத்துல ஒரு சின்ன டப்பா வச்சிருப்பாங்க. கண்டுபிடிச்சுப் பேர் எழுதிட்டுத் திரும்ப வச்சிடணும். எதையும் எடுத்துட்டுப் போறதில்ல."

இவ்வளவு சொன்னால் போதும், போனையும் காட்டுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கையில் கருவியோடு தெருவை அளப்பது போல் நடக்கும் ஆள் இந்த ஊரில் விளையாட்டுக்காரராகத் தெரிய மாட்டார், சர்வேயராகத் தெரிவார். சுரங்கம் மூடியதிலிருந்து லைன் வீடு யாருக்குச் சொந்தம், காலி செய்யச் சொல்வார்களா என்ற கவலை பல குடும்பங்களில் ஓயவில்லை. 'ஆபீஸ்லேருந்து வரலீங்க' என்பதை முதல் வாக்கியத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது. பெரியவர்களாக இருந்தால் 'ஐயா, நீங்க மைன்ஸ்ல வேலை பார்த்தீங்களா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம் கேச் தேட நேரம் இருக்காது என்பதற்கு நான் பொறுப்பில்லை.

தமிழ் போதும், கூடவே கன்னடம் இரண்டு வார்த்தை தெரிந்தால் காவலர்களிடம் உதவும். போலீஸ் கேட்டால் கேச் பக்கத்தைத் திறந்து காட்டி, டப்பாவைத் தொடாமல் இடத்தை மட்டும் சொல்லுங்கள்.

நீங்களே ஒன்று வைக்க வேண்டுமென்றால்

முதல் கேள்வி: திரும்பத் திரும்ப வந்து பார்த்துக்கொள்ள முடியுமா? சென்னையிலிருந்து ஒருநாள் வந்து வைத்துவிட்டுப் போகிற கேச்சைத் தளத்தின் மதிப்பாய்வாளர்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. உள்ளூரில் ஒருவர் பராமரிக்கச் சம்மதித்தால் வழி பிறக்கும். பங்காரப்பேட்டை, குப்பம், வி.கோட்டா பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது: யாருடைய இடம்? சுரங்க நிலம் என்றால் நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பதிலாக ஒரு தனியார் வீட்டு வெளிச்சுவர், மாதா கோயில் வளாகம், சங்கக் கட்டடம் என்று கேட்டுப் பாருங்கள். பங்குத்தந்தையோ வீட்டுக்காரரோ ஒப்புக்கொண்டால் விவரத்தை விண்ணப்பக் குறிப்பில் எழுதலாம். டீக்கடைக்குள் வைத்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். கடைக்குள் நுழைந்து கடைக்காரரிடம் பேசித்தான் எடுக்க முடியும் என்றால் வணிக நோக்கம் என்று சொல்லித் தளம் திருப்பி அனுப்பிவிடும். கல்லறைத் தோட்டம் வேண்டாம். இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தாத்தாவின் கல்லறையைத் தேடி இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். பள்ளி வளாகமும் வேண்டாம்.

இன்னொரு கேச்சிலிருந்து குறைந்தது 161 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது.

டப்பா விஷயத்தில் நம் ஊருக்கு நம் ஊர் அறிவு வேண்டும். வெளிநாட்டில் ராணுவத் தோட்டாப் பெட்டியை ரொம்ப மெச்சுவார்கள். அதை இங்கே வைத்தால் வெடிகுண்டு நிபுணர்தான் முதல் கண்டுபிடிப்பாளர். எவர்சில்வர் டப்பா வைத்தால் ஒரே வாரத்தில் யார் வீட்டுச் சமையலறைக்கோ போய்விடும். சரியான தேர்வு உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா, நாலு பக்கமும் கிளிப் மாட்டுவது. சின்னதாக வேண்டுமென்றால் பெட் பாட்டில் ஊதுவதற்கு முந்தைய நிலையில் இருக்கும் தடித்த குழாய் கிடைக்கிறது. சோதனைக்குழாய் மாதிரி இருக்கும், சோடா பாட்டில் மூடியே பொருந்தும், மிதித்தாலும் உடையாது. இரண்டு விரல் அகலத்தில் தாளை நீளமாக வெட்டி, இறுக்கமாகச் சுருட்டி, நூலால் கட்டி, நூலின் முனை மூடிக்கு அருகில் நிற்கும்படி விடுங்கள். அந்த நுனி இல்லையென்றால் வருகிறவர் ஈர்க்குச்சியை விட்டுக் குத்தித் தாளைக் கிழித்துவிடுவார். மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரையும், பென்சில் போதும். சாப்பிடும் பொருள் எதுவும் கூடாது. மிட்டாய் வாசனைக்குக் குரங்கு வரும், எறும்பு வரும். மரத்தடியில் வைத்தால் கரையான் வரும். சுவர், இரும்பு, கல் பக்கம் பாதுகாப்பு.

டப்பாவின் மேல் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் நான்கிலும் ஒட்ட வேண்டிய வாசகம்: 'இது ஜியோகேச்சிங் என்ற விளையாட்டின் பெட்டி. ஆபத்து எதுவும் இல்லை. உள்ளே பெயர் எழுதும் தாள் மட்டும் உள்ளது. இடையூறாக இருந்தால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம்.'

மல்ட்டி கட்டும் முறை

தங்கவயலில் பார்க்க வேண்டியவை பலவும் தொடக் கூடாத இடங்களில் இருக்கின்றன. மல்ட்டியில் அது பிரச்சினையே இல்லை. தெருவில் நின்று பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். டப்பா கடைசியில், பாதுகாப்பான ஒரே இடத்தில். நடுவில் எந்த இடத்திலும் எதையும் ஒளிக்க வேண்டாம்.

மாதிரிக்கு ஒன்று கட்டிக் காட்டுகிறேன். முடிவிடம் வடக்கு 12° 57.அஆஇ'. சிவசமுத்திரம் மின்சாரம் வந்த ஆண்டின் கடைசி இலக்கம் அ. அது 1902, ஆக 2. பாரத் கோல்டு மைன்ஸ் ஆன ஆண்டின் மூன்றாம் இலக்கம் ஆ. 1972, ஆக 7. மைசூர் அரசு எடுத்துக்கொண்ட ஆண்டின் கடைசி இலக்கம் இ. 1956, ஆக 6. கிடைத்தது 57.276. அ, ஆ, இ மூன்றையும் கூட்டினால் 15 வர வேண்டும் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். தப்பாக எண்ணியவர் வேலிக்குள் போய் நிற்காமல் இருக்க இந்தச் சரிபார்ப்பு அவசியம்.

ஆனால் ஆண்டுகளை மட்டும் வைத்தால் சோபாவில் உட்கார்ந்தே தீர்த்துவிடுவார்கள். நடக்க வைக்க, அங்கே போனால்தான் கிடைக்கும் எண் வேண்டும். ரயில் நிலையத்தின் மஞ்சள் பெயர்ப்பலகையில் அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அதன் கடைசி இலக்கத்தைக் கேட்கலாம். மாதா கோயில் வாசல் அடிக்கல்லின் ஆண்டு, பள்ளி முகப்பின் வளைவுகளின் எண்ணிக்கை, தெருவில் நின்று தெரியும் ஷாஃப்ட் சக்கரத்தின் ஆரக்கால்கள். கல்லில் வெட்டியதை எடுங்கள், பெயிண்டில் எழுதியதை எடுக்காதீர்கள். அடுத்த தேர்தலுக்குச் சுவர் மாறிவிடும். எல்லா எண்ணும் முடிந்ததும் விடைகளில் ஒன்றிரண்டை வேண்டுமென்றே தவறாகப் போட்டுப் பாருங்கள். தவறான விடை ஒருவரைச் சயனைடு மேட்டுக்கோ ஷாஃப்ட்டுக்கோ அனுப்புகிறதென்றால் கணக்கை மாற்றுங்கள்.

முடிவிடத்தின் இடக்குறிப்பை ஒரே தடவையில் எடுக்க வேண்டாம். வேறு வேறு நாளில், வேறு வேறு நேரத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள்.

பாறையில் ஆர்வம் இருந்தால் எர்த்கேச். கோலார் பாறைப் பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளம், வயது ஏறக்குறைய 270 கோடி ஆண்டு. ஊருக்கு அருகே பெத்தபள்ளியில் எரிமலைச் சிதறல்கள் இறுகிய பாறையை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பெரிய துண்டு எது, சிறிய துண்டு எது, விளிம்பு கூர்மையா மழுங்கலா, ஏன் என்று கேள்வி அமைக்கலாம். சுத்தியல் கொண்டு போகக் கூடாது, ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது என்பதைப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வைத்த பிறகு

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். இரண்டு பேர் தொடர்ந்து கிடைக்கவில்லை என்று எழுதினால் கேச் பக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு, நேரில் போய்ப் பாருங்கள். தாள் நனைந்திருந்தால் புதுத்தாள். பழையதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், சிலருக்கு அது வேண்டியிருக்கும். சுவர்க்காரர் மனம் மாறினாலோ வீடு கைமாறினாலோ வாதாடாமல் அன்றைக்கே டப்பாவை எடுத்து, பக்கத்தை நிரந்தரமாக மூடிவிடுங்கள். கண்டுபிடித்தவர்கள் போடும் படங்களையும் பாருங்கள். யாராவது ஷாஃப்ட் வேலிக்குள் நின்று படம் எடுத்துப் போட்டிருந்தால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, காரணத்தை அவருக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்து வருகிறவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வழி தேடுவார்.